போன வருஷத்துக் கைகள்

டிசம்பர் 27, சனிக்கிழமை.
செய்தது: கை பிஸ்கட், ஒரு தட்டு. மாவு பரவவில்லை. ஓரங்கள் சுத்தம்.
பிழை: அட்டையின் பின்பக்கத்தில் எழுதியிருந்த வருஷத்தைப் பார்க்கவில்லை. போன வருஷத்துக் கைகளைச் சுட்டுவிட்டேன்.
நாளைக்கு:

அதற்கு மேல் பேனா நகரவில்லை. சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, மாவு ஒட்டிய முழங்கை நோட்டில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மில்லி அந்த மூன்றாவது வரியையே வெறித்துக்கொண்டிருந்தான். பிள்ளைகளின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே சத்தமே இல்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சத்தத்தைத் தாங்கிக்கொள்ளலாம், சத்தமின்மையைத் தாங்க முடியாது.

மில்லி என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். பகலில் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவன். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் எங்கோ ஒருவருக்குத் தலைவலி வரும் என்ற பயத்திலேயே காலம் தள்ளுகிறவன். அந்தப் பயம் கடையோடு நிற்பதில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவினால்கூட நான்கு மூலைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று குனிந்து பார்ப்பான். மாலையில் பேக்கிங் வகுப்பு. சேர்ந்த அன்றே, தினமும் மூன்று வரி எழுதச் சொன்னார்கள்: என்ன செய்தீர்கள், எங்கே பிசகியது, நாளைக்கு என்ன. மற்றவர்கள் ஒரே வாரத்தில் மறந்துவிட்டார்கள். மில்லி மட்டும் எழுதினான். பிஸ்கட் சுடாத நாளிலும் எழுதினான். பிழை என்ற வரி ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை. இன்று காலியாக இருப்பது அடுத்த வரி.

நடந்தது இதுதான்.

வருஷக் கடைசி விடுமுறையில் அக்கா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கையை இன்னொருவர் அட்டையில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைவார். அட்டையை வெட்டி, மாவின் மேல் வைத்து, கத்தி முனையால் ஓட்டி, கை வடிவில் பிஸ்கட் சுடுவார்கள். உள்ளங்கையில் ஒரு துளை. ஆறியதும் நாடாவில் கோத்து வாசல் கதவில் மாட்டுவார்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை கை, விடுமுறைக்கு வந்துவிடும் மில்லியுடையதும் சேர்த்து. மூத்தவள் பிறந்த வருஷம் அக்கா விளையாட்டாக ஆரம்பித்தது. அப்போது மூத்தவளின் கை ஒரு பொத்தானை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பிஸ்கட் தின்று தீர்ந்துவிடும். அட்டைகள் மட்டும் ஒரு தகர டப்பாவில் பத்திரமாக இருக்கும்.

அத்தான் கையை வரைவது மட்டும் எப்போதும் மில்லியின் வேலை. அத்தானுக்குக் கூச்சம் ஜாஸ்தி. பென்சில் விரலிடுக்கில் போனால் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுவார். பிள்ளைகள் வரைந்தால் ஆறு விரல் வந்துவிடும். மணிக்கட்டை அழுத்திப் பிடித்து, "அசையாதீங்க அத்தான், அசையாதீங்க" என்று மிரட்டி வரைய ஓர் ஆள் வேண்டும்.

அந்த அத்தான் வருஷத்தின் நடுவில் இரண்டு பெட்டியோடு ஊரின் மறுகோடிக்குக் குடிபோய்விட்டார். ஏன் என்று கேட்டால் அக்கா ஒரு கதை சொல்வாள், அத்தான் ஒரு கதை சொல்வார். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் நிஜம் இருக்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மில்லி தன் அறையைக் காலிசெய்துவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தான். அத்தான் கூப்பிட்டபோதெல்லாம் போனை எடுக்கவில்லை. முதலில் கோபத்தில் எடுக்கவில்லை. பிறகு, ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் எடுக்கவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு அவர் வருகிறார், மிச்ச விடுமுறைக்குப் பிள்ளைகளைத் தன்னோடு கூட்டிப்போக.

இன்று விடிந்ததும் அக்கா சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சமையலறைக்கு வந்தாள். அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஊருக்கு விடுமுறை என்றால் அவளுக்கு இரண்டு மடங்கு வேலை.

"இந்த வருஷம் கை வேண்டாம்னுதான் நெனச்சேன். ஆனா வேண்டாம்னு சொன்னா அதுக்கு ஒரு பஞ்சாயத்து நடக்கும். பண்ணிடு. நாலு கை போதும்."

"நாலா?"

"நான், ரெண்டு பிள்ளைங்க, நீ. வேற யாராவது இந்த வீட்டுல துணி காயப்போடறாங்களா?"

"ஜட்ஜ் கேட்டா என்ன சொல்றது?"

"அதுக்குத்தானே உன்னை வச்சிருக்கேன். நான் திரும்பி வரும்போது அழுகைச் சத்தம் கேக்கக் கூடாது. அவ்வளவுதான்டா உன் டூட்டி."

மில்லி 'சரி' என்றான். உண்மையான பிழை அந்தச் 'சரி'தான். ஆனால் நோட்டில் பிழைக்கு ஒரு வரிதான் இடம்.

ஜட்ஜ் என்பது மூத்தவள். வயது ஒன்பது. எதையும் விசாரிக்காமல் விடமாட்டாள். விசாரித்தால் தீர்ப்புச் சொல்லாமல் விடமாட்டாள். இளையவன் வாண்டு, ஐந்து வயது, எந்நேரமும் வாயில் எதையாவது போட்டு மென்றுகொண்டிருப்பவன். இருவரையும் கூடத்தில் உட்காரவைத்து, அக்கா கொண்டுவந்திருந்த பழைய பஸ் கால அட்டவணைத் தாள்களைக் கொடுத்து, காகிதச் சங்கிலி செய்யச் சொன்னான். மாதிரிக்கு ஒரு பட்டையை ஸ்கேல் வைத்து வெட்டிக் காட்டினான். ஜட்ஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சங்கிலியா, பரீட்சையா மாமா?" என்றாள். வாண்டு பசையைச் சுவை பார்த்தான்.

அவர்கள் கவனம் அங்கே இருக்கும்போதே கை வேலையை முடித்துவிட வேண்டும். இதுதான் மில்லி போட்ட திட்டம். புதிதாக வரைய உட்கார்ந்தால் அட்டை வேண்டும், பென்சில் வேண்டும், கிச்சுகிச்சு வரும், கூடவே அந்தக் கேள்வியும் வரும். டப்பாவில் வெட்டித் தயாராக அட்டைகள் இருக்கும்போது எதற்கு அத்தனை பாடு? நேரம் மிச்சம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நேரம் மட்டும்தானா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு மாவு அவனை ஆட்டிவைத்தது. வெண்ணெய் ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் எண்ணெய். உருட்டினால் விரிசல் விட்டது. தண்ணீர் தெளித்தால் கையோடு வந்தது. வாண்டு நடுவில் ஓடிவந்து மாவில் கட்டைவிரலை அழுத்திவிட்டு ஓடினான். அடுப்போ, இடது பக்கம் கருக்கி வலது பக்கம் வெளுக்கவிடும் ரகம். அதற்காகத் தட்டை நடுவில் திருப்பிவைக்க வேண்டும், திருப்புவதற்குக் கதவைத் திறந்தால் சூடு போய்விடும். இந்தக் கூத்தில், டப்பாவில் மேலாக ரப்பர் பேண்டு போட்டுக் கிடந்த அட்டைக் கட்டை அப்படியே பிரித்து, அட்டைகளை வரிசையாக மாவின் மேல் வைத்து அறுத்தான். எத்தனை என்று எண்ணவில்லை. கடிவாளம் கட்டிய குதிரைக்குச் சாலை மட்டும் தெரிவதுபோல அவனுக்கு ஓரங்கள் மட்டும்தான் தெரிந்தன.

ஓரங்கள் அற்புதமாக வந்தன. அதுதான் கொடுமை. வகுப்பில் ஒரு முறைகூட இப்படி வந்ததில்லை. "உன் பிஸ்கட் பாஸ்போர்ட் போட்டோ மாதிரிப்பா, எல்லாம் சரியா இருக்கும், சிரிப்பு மட்டும் இருக்காது" என்று சொல்லும் பக்கத்து மேஜைக்காரர் பார்த்தால் வாயடைத்துப் போயிருப்பார். சந்தோஷத்தில் அவனே பிள்ளைகளைக் கூப்பிட்டான்.

ஜட்ஜ் தட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "இதுல என் கை எது?"

"இதோ."

ஆறியிருந்த பிஸ்கட்டின் மேல் தன் கையை வைத்தாள். நகங்கள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

"இது என் கை இல்ல. இது போன வருஷம் இங்க இருந்த ஒரு பொண்ணோட கை."

"கொஞ்சம்தானே வித்தியாசம்..."

"நீங்களா மாமா கொஞ்சம்தானேங்கறது?"

வாண்டும் தன் கையை வைத்துப் பார்த்தான். உதடு பிதுங்கியது. "என் கை ஏன் பாப்பா கை மாதிரி இருக்கு? நான் வளரவே இல்லையா?"

"நீ வளர்ந்துட்டேடா. பிஸ்கட்தான் வளரல," என்றான் மில்லி. சொல்லும்போதே அது எவ்வளவு மொக்கையான ஆறுதல் என்று தெரிந்தது.

ஜட்ஜ் கேட்கவில்லை. அவள் தட்டின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே எல்லாவற்றிலும் பெரிய கை ஒன்று கிடந்தது. சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. எப்போதோ கார் கதவில் நசுங்கி, கோணலாகவே ஒட்டிக்கொண்ட விரல்.

"அப்பா கை!" என்றாள். அந்த ஒரு நொடி அவள் ஜட்ஜ் இல்லை. "அம்மா போடச் சொன்னாங்களா?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

"இல்ல... அது தப்பா வந்துடுச்சு."

"அப்பா கை தப்பா?"

"அப்படிச் சொல்லல. அட்டையோட சேர்ந்து..."

"அப்போ கதவுல மாட்டமாட்டீங்களா?"

அப்போதுதான் மில்லிக்கு அந்த யோசனை உதித்தது. நல்ல யோசனை மாதிரிதான் தெரிந்தது. "நீதானே சொன்ன, போன வருஷ அட்டை செல்லாதுன்னு? புதுசா வரையணும். புதுசா வரைய ஆள் இங்க இருக்கணும். அப்பா இங்க இல்ல. அப்போ விதிப்படி..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. வழக்கில் ஜெயித்துவிட்டான். தேய்க்கிற கல்லின் கீழ் லென்ஸ் விரிசல் விடுவதைக் கை முதலில் உணரும், கண்ணுக்குப் பிறகுதான் தெரியும். அப்படி உணர்ந்தான். ஜட்ஜ் தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. மில்லி நோட்டை எடுத்து, தேதி போட்டு, இரண்டு வரி எழுதினான்.

இப்போது எழுந்துபோய்க் கதவைத் தட்டினான்.

"உன் கையைப் புதுசா வரையலாம் வா. தம்பி கையையும்."

ஜட்ஜின் குரல் கதவுக்குப் பின்னால், கீழேயிருந்து வந்தது; தரையில் உட்கார்ந்திருக்கிறாள். "அப்பா நாளைக்கு வருவாருல்ல?"

"வருவார்."

"நாளைக்கு அவர் இங்க இருப்பாருல்ல? வாசல்லயாவது?"

"...ஆமா."

"அப்போ நாளைக்கு வரையலாம். மிச்ச மாவு நாளை வரைக்கும் கெடாம இருக்குமா?"

'இருக்காது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் மாவைப் பற்றிப் பொய் சொல்ல அவனுக்கு வராது. "ஃப்ரிஜ்ஜுல வச்சா இருக்கும். இன்னும் நல்லாவே வரும்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அப்போ அம்மாகிட்ட நீங்க கேளுங்க."

"நானா? நீ கேளேன்."

"தப்பாச் சுட்டது யாரு?"

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மத்தளம் போய்ப் பாத்திரம் கழுவியது. எப்படிக் கேட்பது என்று ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு வாக்கியம் தயாரித்தது. முதலில் அந்தப் பெரிய கையை எடுத்து ஒளித்துவைத்திருக்கலாம். அது தோன்றவில்லை. அளவுக் கரண்டிகளைத் துடைத்து வரிசைப்படுத்துவதுதான் தோன்றியது.

அப்படித்தான், அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போதே, அக்கா வந்துவிட்டாள். செருப்பை உதறினாள். "மதியம் சாப்பிடல. நடு ரோட்டுல ஒருத்தன் வண்டியை நிறுத்திட்டுப் போய்ட்டான், அவனுக்காக ஊரே நின்னுச்சு," என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பசியில் கை தட்டுக்குப் போனது. எதை எடுத்தோம் என்று பார்க்கவில்லை. எது பெரிதோ அதை எடுத்து, ஒரு கடி கடித்தாள்.

அம்மாவின் குரல் கேட்டு அறையிலிருந்து ஓடிவந்த வாண்டு சமையலறை வாசற்படியிலேயே நின்றான். வாய் திறந்தது. சத்தம் வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அம்மா அப்பா விரலைத் தின்னுட்டாங்க!"

வீடு அதிர்ந்தது. எந்தச் சத்தம் கேட்கக் கூடாது என்று அக்கா சொன்னாளோ அதே சத்தம், தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி. அக்கா கையிலிருந்ததைப் பார்த்தாள். நான்கு விரல் இருந்தது. கோணல் விரல் அவள் வாயில் இருந்தது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் மில்லியைப் பார்த்தாள்.

"நாலுன்னுதானேடா சொன்னேன்?" என்றாள் மென்றுகொண்டே.

"எண்ணலக்கா. அட்டை கட்டா இருந்துச்சு..."

"எண்ணலையா? நீ? எறும்பு வரிசையா போனாலே எண்ணுவியேடா! இதை மட்டும் எண்ணலையா?"

"தெரியாம நடந்துடுச்சு. ஆனா அக்கா, ஒண்ணு கேக்கணும். நாளைக்கு அத்தான் வரும்போது, அவர் கையையும் புதுசா வரைஞ்சு..."

கிண்ணத்துக்கு ஒன்றாகத் தயாரித்த வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அக்காவின் முகம் சிவந்தது.

"கை கழுவிட்டுப் போனவர் கை எதுக்குடா என் கதவுல?"

"எங்களைக் கழுவல," என்றது ஒரு குரல். ஜட்ஜ் தம்பியின் பின்னால் நின்றிருந்தாள். "உன்னைத்தான்."

வாண்டுகூட அழுகையை நிறுத்திவிட்டான். ஆறிக்கொண்டிருந்த அடுப்பு டக் டக்கென்று சத்தம் போட்டது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். வாயிலிருந்ததை மெதுவாக மென்று விழுங்கினாள். வேறென்ன செய்வது?

"உப்பு கம்மி," என்றாள் கடைசியில்.

"உப்பு சரியா அளந்துதான்..."

"கம்மின்னா கம்மிடா!" குரல் உடைந்து, உடனே சரியானது. "வாசல் கதவு என்னோடது. நாள் முழுக்க ஊரைச் சுத்திட்டு வந்து நான் சாவி போடற கதவு. அதுல அந்தக் கை வேண்டாம். அதைப் பாத்துட்டு என்னால உள்ள வர முடியாது. புரியுதா?"

ஜட்ஜ் யோசித்தாள். விசாரணை முகம் திரும்பியிருந்தது, ஆனால் கண் கலங்கியிருந்தது. "எங்க ரூம் கதவு யாரோடது?"

அக்கா அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "...உங்களோடது."

"அதுல அப்பா கையை மாட்டலாமா?"

"உங்க கதவுல எதை மாட்டினா எனக்கென்ன? என் கையை மட்டும் அதோட சேர்த்துக் கோக்காதீங்க."

"அப்போ எங்க கை எந்தக் கதவுல?" என்றாள் ஜட்ஜ். "உன்னோடயா, அப்பாவோடயா?"

மில்லி மேஜை விளிம்பில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டினான். வாண்டு மூக்கை உறிஞ்சிவிட்டு, இரண்டு கையையும் தூக்கி முன்னால் நீட்டினான்.

"எனக்குத்தான் ரெண்டு கை இருக்கே."

அக்கா அந்தக் கைகளைப் பார்த்தாள். பசையும் மாவும் பஸ் அட்டவணையின் மையும் அப்பியிருந்தன. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். "போய்க் கழுவிட்டு வா. ரெண்டையும்."

பிறகும் எதுவும் சுலபமாக நடக்கவில்லை. ஆளுக்கு இரண்டு கை என்றால் மிச்ச மாவு போதாது. கூட்டிப்போக வருகிறவர், சுட்டு ஆறும் வரைக்கும் எங்கே இருப்பது என்று மில்லி கேட்டான். உள்ளே வரக்கூடாது என்றாள் அக்கா. நின்றுகொண்டேவா என்றாள் ஜட்ஜ். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "வாசல்ல ஒரு நாற்காலி போடு. நான் அந்நேரம் டூட்டியில இருப்பேன், எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள். மாமா கை எந்தக் கதவில் என்று வாண்டு கேட்டதற்கு, "மாமாவும் ரெண்டு. அவர்தான் எந்தப் பக்கமும் சேராம நடுவுல நிக்கறவராச்சே," என்று ஜட்ஜ் தீர்ப்புச் சொன்னாள். அது பாராட்டு இல்லை என்று மில்லிக்குத் தெரிந்தது.

வாசல் கதவுக்காக, பிள்ளைகள், மில்லி மூன்று பேரின் இடது கையையும் அப்போதே வரைந்தார்கள். அக்காவின் வலது கையை ஜட்ஜ் வரைந்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்திருந்த இடத்தில் பென்சில் தடுக்கி, கோடு கொஞ்சம் பிசகியது. அழிக்கவா என்று கேட்டதற்கு அக்கா வேண்டாம் என்றாள். மூவரின் வலது கைகள் நாளைக்கு, அப்பா வந்த பிறகு. அவை அப்பா கையோடு ஒரே தட்டில்தான் போக வேண்டும், ஜட்ஜின் உத்தரவு.

"அப்பா கையை யார் வரையறது?" என்று வாண்டு கேட்டான். "நான் வரையட்டுமா?"

"நீ வரைஞ்சா ஆறு விரல் வரும்," என்றாள் ஜட்ஜ். "எப்பவும் மாமாதானே?"

எல்லோரும் மில்லியைப் பார்த்தார்கள். அவன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். ஆறு மாதமாகப் போனை எடுக்காதவன் எந்த முகத்தோடு போய் அந்த மனுஷனின் மணிக்கட்டைப் பிடிப்பது? அசையாதீங்க அத்தான் என்று எந்தக் குரலில் சொல்வது? அக்காவைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்லி நிறுத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கடித்த கையில் மிச்சமிருந்த நான்கு விரலையும் தட்டில் திரும்ப வைத்து, ஒரு காகிதத்தால் மூடிவிட்டு, முகம் கழுவப் போய்விட்டாள்.

மில்லி புது மாவு பிசைந்து ஃப்ரிஜ்ஜில் வைத்தான். மேஜையைத் துடைத்தான். நோட்டைத் திறந்து, பிழை என்ற வரியைத் திருத்தலாமா என்று பார்த்தான். திருத்த ஆரம்பித்தால் பக்கம் போதாது. அடுத்த வரிக்கு வந்தான்.

நாளைக்கு: பத்து மணிக்குள் வாசலில் நாற்காலி, அட்டை, இரண்டு பென்சில். பிள்ளைகளின் வலது கையையும் என் வலது கையையும் வரைய வேண்டும். அத்தான் கையை நான் வரைய வேண்டும். தட்டை நடுவில் ஒரு முறை திருப்பிவைக்க வேண்டும்.